புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள்

கேள்வி: என் அப்பா நாகஸ்வரக் கலைஞர், வயது 52. திருவாரூர் பக்கம் ஒரு திருவிழாவில் இரவெல்லாம் வாசித்துவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கியபடி ஊர் திரும்பினார். நேற்றுக் காலை காபி இடது கடைவாயில் ஒழுகியது. இடது கண் மூடவில்லை. தம்பி தவில் சாதகம் செய்தால் இடது காதில் அறைகிறது என்கிறார். கை கால், பேச்சு நன்றாக இருக்கின்றன. மூளையில் அடைப்பா? குளிர்காற்றா? மறுபடி நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியைப் பிடிப்பாரா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அப்பாவை எதிரில் உட்காரவைத்து, புருவங்களை உயர்த்தச் சொல்லுங்கள். இடது நெற்றியில் கோடு விழுகிறதா?

டெல்டாவில் வளர்ந்த உங்களுக்கு இதன் காரணம் எளிதில் புரியும். இடது கன்னமும் வாயும் ஒரே வாய்க்கால் பாய்கிற வயல். கட்டளை பெரும்பாலும் வலது மூளையிலிருந்து வருகிறது. நெற்றிக்கு இரண்டு பக்க மூளையிலிருந்தும் பாய்ச்சல் உண்டு. ஆகவே மூளையின் ஒரு பக்கத்தில் அடைப்பு வந்தால் வாய் கோணும், நெற்றி பெரும்பாலும் தப்பிவிடும். வயலை ஒட்டிய கடைசி மதகு அடைத்துக்கொண்டால் நெற்றியும் சேர்ந்து படுத்துவிடும். அந்த மதகுதான் முகநரம்பு. மூளையிலிருந்து புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் ஏழாவது.

மூளைத்தண்டில் கிளம்பும் இது, காதருகே எலும்புக்குள் குறுகலான குழாய் வழியே வருகிறது. வழியில் நடுக்காதின் சிறு தசை ஒன்றுக்குக் கிளை தருகிறது. உடலின் மிகச் சிறிய எலும்பான அங்கவடியை அத்தசை இழுத்துப் பிடித்துப் பேரொலியைத் தணிக்கும். அந்தப் பிடி தளர்ந்ததால்தான் வாழ்நாளெல்லாம் பக்கத்திலேயே கேட்ட தவில் இன்று அறைகிறது. நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிய தடயம் இதுதான். நாக்கின் முன்பகுதிச் சுவையும் இதே நரம்பின் வேலை. இடப்பக்கம் உப்புக் கரிக்கிறதா என்று கேளுங்கள்.

நெற்றியிலும் கோடு விழவில்லை என்றால், 1821இல் ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல் விவரித்த முகவாதமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நரம்பு வீங்கி எலும்புக் குழாய்க்குள் நெரிபடுகிறது. வைரஸ் காரணமாக இருக்கலாம். ஜன்னலோரம் உட்கார்ந்ததற்காக அவர் வருந்த வேண்டாம். ஆனாலும் மருத்துவர் நேரில் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். இன்றே போங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். பற்றுப் போட்டுக் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். சர்க்கரை நோய் இருந்தாலோ, காதில் கொப்புளம் தெரிந்தாலோ மறக்காமல் சொல்லுங்கள். நெற்றியில் கோடு விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு.

நீங்கள் உதட்டை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். எனக்குக் கண்ணைப் பற்றித்தான் கவலை. மூடாத கண்ணில் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும். மருத்துவர் தரும் சொட்டு மருந்தைப் பகலிலும், களிம்பை இரவிலும் போட்டு, தூங்கும்போது இமையை மூடி டேப் ஒட்டுங்கள்.

சீவாளியைக் கவ்வும் உதட்டுத் தசை, காற்றை அடக்கும் கன்னத் தசை இரண்டும் இந்த நரம்பின் பிள்ளைகள். பத்தில் ஏழு பேருக்கு மருந்தில்லாமலே முழுதும் குணமாகிறது. மருந்து அந்த வாய்ப்பைக் கூட்டும். பெரும்பாலும் மூன்று வாரத்தில் அசைவு தெரியத் தொடங்கும், முழுமைக்குச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை கச்சேரிக்கு முன்பணம் வாங்க வேண்டாம். தம் கட்டி ஊதவும் வேண்டாம். கண்ணாடி முன் மெதுவாக உதட்டைக் குவிக்கட்டும். காபி ஒழுகாமல் குடிக்கிற நாளில், சீவாளியை நனைத்து, நாகஸ்வரத்தில் பொருத்தாமல் தனியாக உதட்டில் வைத்து ஒருமுறை ஊதிப் பார்க்கட்டும்.