சான் பிரான்சிஸ்கோ பயணத்துக்கு நிலையான வைப்பை உடைக்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் கோப்பாயில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். எனக்கு 67 வயது. இருவருக்கும் ஓய்வூதியம் உண்டு. வருகிற ஜூலையில் எட்டு நாள்கள் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறோம். பயண முகவர் 18 இலட்சம் ரூபாய் ஆகும் என்கிறார். சேமிப்புக் கணக்கில் 10 இலட்சம் இருக்கிறது. மிகுதிக்கு, ஒக்டோபர் முதல் வாரத்தில் முதிர்வடையும் 40 இலட்சம் ரூபாய் வைப்பை உடைப்பதா, நகைகளை அடைவு வைப்பதா, கடனட்டையைப் பயன்படுத்துவதா?

பதில்: மூன்றும் வேண்டாம், ஐயா. பயணத்தை ஒக்டோபர் நடுப்பகுதிக்குத் தள்ளிவையுங்கள். ஜூலையில் அந்த நகரைக் கடல் மூடுபனி சூழ்ந்து குளிரச் செய்யும். கோல்டன் கேட் பாலத்தைப் பார்க்கப் போய் வெறும் வெண்மையைப் பார்த்துத் திரும்புவோர் பலர். செப்டெம்பரும் ஒக்டோபருமே அங்கு வெயில் நன்றாக இருக்கும் மாதங்கள்.

உங்கள் ஓராண்டு வைப்பை ஜூலையில், அதாவது ஒன்பது மாதங்கள் ஆனதும், உடைத்தால் வங்கி குறைந்த வட்டியில் மீளக் கணிக்கும். அது ஆண்டு வட்டியில் 3 சதவீதப் புள்ளிக் குறைப்பு என்று கொண்டால், உங்கள் இழப்பு 90,000 ரூபாய். ஜூலையில்தான் போவதென்று நிற்பீர்களானால், அதே வைப்பின் மீது 8 இலட்சம் கடன் பெறலாம். 11 வீதத்தில் மூன்று மாத வட்டி 22,000 ரூபாய்தான். கடனட்டை நிலுவைக்கு ஆண்டு வட்டி 20 வீதத்திற்கும் மேல் என்பதால் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. முதிர்வுப் பணத்தில் 8 இலட்சத்தை எடுப்பதும் இலவசமன்று: 8 வீத வட்டியில், 10 வீத முற்பண வருமான வரி போக, மாத வருமானம் 4,800 ரூபாய் குறையும். இரண்டு ஓய்வூதியங்கள் வரும் வீட்டுக்கு அது தாங்கக்கூடியதே.

ஆயினும் முகவரின் கணக்கில் எனக்கு ஐயம் உண்டு. மருத்துவக் காப்புறுதி அதில் உள்ளதா என்று கேளுங்கள். 65 வயதுக்கு மேல் கட்டணம் கூடும் என்பதோடு, ஏற்கெனவே உள்ள நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றைப் பல காப்புறுதிகள் விலக்கிவிடும். அமெரிக்க மருத்துவமனையில் ஓரிரவு தங்க நேர்ந்தால் இந்தப் பயணச் செலவு முழுவதும் சிறிதாகத் தெரியும். ஹோட்டல் வாடகையாகக் காட்டப்படும் தொகையின் மேல் ஏறத்தாழ 14 வீத நகர வரி சேரும். உணவகங்களில் 15 முதல் 20 வீதம் வரை அன்பளிப்பு வைப்பது அங்குள்ள வழக்கம்.

மேடுகளையும் பணமாகவே எண்ணுங்கள். நம் யாழ்ப்பாணச் சமதரையில் சைக்கிள் மிதித்துப் பழகிய முழங்கால்களுக்கு அந்த நகரின் சில தெருக்கள் படிக்கட்டுகளைப் போன்றவை. பில்பர்ட் தெருவின் ஒரு பகுதி 31.5 வீதச் சாய்வுடையது. குன்றின் உச்சியில் மலிவான அறை எடுத்தால், ஒவ்வொரு மாலையும் டக்சிக்குக் கொடுப்பது வாடகையில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். ஆகையால் சமதரையில், பஸ் அல்லது ரயில் நிறுத்தத்துக்கு அருகில், சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாவது தங்குங்கள். தெருத் தண்டவாளத்தில் கம்பிவடம் இழுக்க ஓடும், 1873இல் தொடங்கிய கேபிள் காரின் ஒரு சவாரி பஸ் கட்டணத்தின் பல மடங்கு என்பதால், இரண்டையும் உள்ளடக்கும் மூன்று அல்லது ஏழு நாள் அனுமதிச்சீட்டு உங்களுக்குப் பொருந்தும். வாடகைக் கார் தேவையில்லை. தரிப்பிடக் கட்டணமும், கண்ணாடியை உடைத்துப் பொருள் எடுக்கும் திருட்டும் அந்நகரில் பெயர்பெற்றவை. பாலத்தை நடந்து கடக்கக் கட்டணம் இல்லை.

விசா கிடைத்த பின்னரே விமானச்சீட்டு வாங்குங்கள். விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 185 டொலர். மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது, நேர்முகத்துக்குக் கொழும்பு போய்வரும் செலவு வேறு. விசா, விமானச்சீட்டு, காப்புறுதி ஆகியவற்றைச் சேமிப்பிலிருந்து செலுத்தி, அதில் ஒரு பகுதியை அவசரத்துக்கென விட்டுவைத்து, மீதித் தேவையை முதிர்வுப் பணத்திலிருந்து எடுங்கள். வைப்பு தானாகவே மறு ஆண்டுக்குப் புதுப்பிக்கப்படும் வகையினதாக இருக்கக்கூடும். அவ்வாறாயின் செப்டெம்பரிலேயே கிளைக்குச் சென்று, தேவையான தொகையைச் சேமிப்புக் கணக்கில் வரவு வைத்து மிகுதியை மட்டும் புதுப்பிக்குமாறு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.