தோட்டத்தில் ‘பாலி’, சுரங்கத்தில் ‘க்லொதியோ’

அன்புள்ள தங்கைக்கு,

வேல்ஸ் நாட்டின் சுவான்சியில் காய்கறி பயிரிட வாடகைக்கு எடுத்த நிலத்தில் மண்ணைக் கிளறும்போது, பக்கத்து நிலத்து முதியவர் அந்த வேலையைப் ‘பாலி’ என்கிறார், அந்நாட்டு வெல்ஷ் மொழியின் அகராதியோ ‘க்லொதியோ’ என்கிறது, எதைச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். முதியவர் சொல்வதையே சொல்லுங்கள். காலால் அழுத்தி இறக்கும் மண்வாரிக்குப் ‘பால்’ என்று பெயர். அதைக் கொண்டு செய்யும் வேலை ‘பாலி’. அடுக்கடுக்காகப் பொய் சொல்பவரையும், பொய்களைத் தோண்டுகிறார் என்று இதே வினையால் சொல்வார்கள்.

‘க்லொதியோ’ என்பது நிலக்கரிக்காகவோ கற்பலகைக்காகவோ தொல்பொருளுக்காகவோ அகழ்வதைக் குறிக்கும். ‘க்லொத்வா’ என்றால் அவ்வாறு அகழ்ந்த சுரங்கம் அல்லது கல்குவாரி. இவற்றுக்கு அடிப்படை ‘க்லௌத்’ என்னும் பெயர்ச்சொல். பள்ளம் வெட்டி, அந்த மண்ணை ஓரத்தில் குவித்து எழுப்பும் கரை அது. பள்ளத்துக்கும் வயலோர வேலிக்கும்கூட அந்தப் பெயர் வழங்குவதுண்டு. எட்டாம் நூற்றாண்டில் மெர்சியா என்னும் பழைய ஆங்கிலேய அரசை ஆண்ட மன்னர் ஒஃபாவின் பெயரால் வேல்ஸ்-இங்கிலாந்து எல்லைப்புறத்தில் நிற்கும் பெரிய மண்கரை ‘க்லௌத் ஒஃபா’. அதை ஒட்டி 1971இல் திறக்கப்பட்ட நடைபாதை ஏறத்தாழ 285 கிலோமீட்டர் நீளமானது. உங்களுக்கு அருகிலேயே, கடற்சிப்பிக்குப் பேர்போன பென்க்லௌத் ஊரின் பெயரிலும் இந்தச் சொல் இருக்கிறது.

இதே குடும்பத்தில் நீங்கள் கட்டாயம் அறிய வேண்டியது ‘க்லாதி’, அதாவது அடக்கம் செய்தல். இறுதிச்சடங்கைக் குறிக்கும் ‘அங்லத்’ அதிலிருந்தே வந்தது. அக்கம்பக்கத்தில் ஒருவர் இறந்தால் வரும் அறிவிப்பில் இவ்வினை உருமாறி நிற்கும். நமக்குச் சொல்லின் ஈறு திரிவது பழக்கம், அவர்களுக்கோ முதலெழுத்தே திரியும். அந்த அறிவிப்பில் வினைக்கு முன் வரும் ‘அவருடைய’ என்பதற்கு ஆண், பெண் இருவருக்கும் ஒரே சொல்தான் உண்டு. எனவே இறந்தவர் ஆண் என்றால் ‘க்லாதி’யின் முதலெழுத்தான, ‘க்’ என ஒலிக்கும் சி (C), ஜி (G) ஆகிவிடும், பெண் என்றால் தொண்டையில் உரசி ஒலிக்கும் சிஹெச் (CH) ஆகும். துக்க வீட்டில் ஆளை மாற்றிப் பேசிவிடக் கூடாது என்பதால், இலக்கணத்தில் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதை முதலில் படியுங்கள் என்று வற்புறுத்துகிறேன். ஜி, சிஹெச் எழுத்துகளில் தேடிக் கிடைக்காத சொல்லை, அகராதியில் சி வரிசையில் பாருங்கள்.