இங்கிலாந்தில் பழைய ஊர் வாழ்க்கை இன்றும் தொடரும் சிற்றூர் ஏதேனும் உண்டா?

உண்டு. நாட்டிங்காம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன்தான் என் பதில். நாட்டிங்காமில் வசித்த காலத்தில் அங்கே மூன்று முறை சென்றிருக்கிறேன். முதல் முறை அங்குள்ள நார்மானியர் காலக் கோட்டை மேட்டைப் பார்க்கத்தான் போனேன். அடுத்த இரு முறையும் வயல்களுக்காகவே போனேன்.

ஊரைச் சுற்றி மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்று மூன்று பெருவயல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் வேலிகள் இல்லை. ஒவ்வொரு குத்தகை உழவருக்கும் மூன்று வயல்களிலும் துண்டு துண்டாக நிலம் உண்டு. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு என ஆண்டுதோறும் முறை மாறி வரும். யாருடைய நிலமும் ஓரிடத்தில் திரண்டு இல்லாததால் வயல் நடுவே வீடு கட்டிக்கொள்வதில் பொருளில்லை. அதனால்தான் பண்ணை வீடுகள் ஊர்த் தெருவை ஒட்டியே நெருங்கி நிற்கின்றன. 1635இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் வரைந்த இவ்வூர் வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதிலுள்ள துண்டுகள் பலவும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றாக இணைக்கப்பட்டுவிட்டன என்றாலும் முறை மாறவில்லை.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்கள் வழியாக இங்கிலாந்தின் திறந்த வயல்கள் வேலியிட்டுப் பிரிக்கப்பட்டபோது, லாக்ஸ்டன் நிலம் இரண்டு பெரும் நிலவுடைமைக் குடும்பங்களிடம் இருந்தது. அவர்களுக்குள் உடன்பாடு ஏற்படாததால் வயல்கள் தப்பின.

என்னை மிகவும் கவர்ந்தது 'கோர்ட் லீட்' எனப்படும் ஊர் நீதிமன்றம். நவம்பர் இறுதியில், உழவர்களிலிருந்து அமர்த்தப்படும் நடுவர் குழு கோதுமை விதைத்த வயலுக்குச் சென்று, எல்லைகளில் மரமுளை அடித்து, பொதுப் பாதையிலோ புல்வரப்பிலோ ஏர் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறது. ஒரு வாரம் கழித்து டவ்காட் இன் என்ற மதுக்கூடத்தில் மன்றம் கூடி, வரம்பு மீறியவருக்கு அபராதம் விதிக்கிறது. 1977இல் இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தை நாடாளுமன்றம் நீக்கியபோதும் லாக்ஸ்டன் மன்றத்துக்கு விலக்கு அளித்தது. அபராதத் தொகை சிறியதுதான். ஆனால் அதை விதிப்பவர்கள் நாள்தோறும் தெருவில் எதிர்ப்படும் அண்டை வீட்டார் என்பதால், அதன் கனம் பணத்தில் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

'சைக்' எனப்படும், ஏர் படாத புல்நிலங்களும் பொதுவானவை. அவற்றின் புல்லை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள். உழாமலே விட்டதால் அங்கே காட்டுப்பூக்கள் இன்றும் செழித்திருக்கின்றன.

1952இல் வேளாண்மை அமைச்சகம் வாங்கிய இந்த நிலம் 1981இல், அரச உடைமைகளை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட்டிடம் சென்றது. அந்நிறுவனம் அதை விற்க முன்வந்தபோது, வாங்குபவர் வயல்களை வெறும் சொத்தாகப் பார்த்துவிடுவாரோ என்று வருந்தினேன். 2020இல் பழைய உடைமைக் குடும்பத்தின் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட் அதை வாங்கியது. மன்றத்தைத் தொடர்ந்து நடத்தும் பொறுப்பும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறியது.