இ.எம்.டி.ஆர். சிகிச்சை: வாசகர் கேள்விகளுக்கு உளவியலாளர் பதில்

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் என் பைக் மீது லாரி மோதியது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் ஏர் ஹாரன் கேட்டாலே கை நடுங்கி, வண்டியை ஓரங்கட்டிவிடுகிறேன். மருத்துவர் இ.எம்.டி.ஆர். சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார். கண்ணை அசைப்பதால் பயம் போகுமா? இது ஹிப்னாடிஸமா?

பதில்: ஹிப்னாடிஸம் அல்ல. இ.எம்.டி.ஆர். (Eye Movement Desensitization and Reprocessing) என்பது, உறுத்தும் நினைவை மனத்தில் நிறுத்தியபடி கண்களை அசைத்து அதன் வேதனையைக் குறைக்கும் உளவியல் சிகிச்சை. நீங்கள் முழு விழிப்புடன் இருப்பீர்கள். தாங்க முடியாதபோது கையை உயர்த்தினால் சிகிச்சையாளர் நிறுத்திவிடுவார். அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ, 1987-இல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் இங்குமங்கும் அசைகையில் தம்மை உறுத்திய எண்ணங்களின் கூர்மை மழுங்குவதைக் கவனித்தார். அந்தக் கவனிப்பு எட்டுக் கட்டங்கள் கொண்ட சிகிச்சை முறையாக வளர்ந்தது. பலரும் எண்ணுவதுபோல் முதல் நாளே கண்ணசைவு தொடங்குவதில்லை. அது நான்காவது கட்டத்தில்தான் வருகிறது.

லாரியின் முகப்பு விளக்கு கண்ணில் பாய்ந்த அந்த ஒரு நொடிதான் உங்களை மிகவும் வாட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காட்சியையும், ‘செத்துவிட்டேன்’ என்ற நினைப்பையும், நெஞ்சில் எழும் இறுக்கத்தையும் சேர்த்து மனத்தில் நிறுத்தி, வேதனை எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்வீர்கள். பிறகு சிகிச்சையாளர் இடவலமாக அசைக்கும் விரல்களைக் கண்ணால் பின்தொடர்வீர்கள். அரை நிமிடம் போல் கழிந்ததும் அவர் நிறுத்தி, “இப்போது என்ன தோன்றுகிறது?” என்று மட்டும் கேட்பார். காட்சி மங்கலாம், வேறொரு நினைவு எழலாம், தோள் வலிக்கலாம். எது வந்தாலும் அதிலிருந்தே அடுத்த சுற்று தொடங்கும். அந்த எண் 0-க்கோ அதன் அருகிலோ இறங்கும்வரை இது தொடரும்.

ஏன் பலிக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் சச்சரவு உண்டு. நினைவை மனத்தில் தாங்கியபடியே கண்ணையும் அசைக்கும்போது மனத்தின் குறுகிய கொள்ளளவு இரண்டுக்கும் பங்கிடப்படுவதால் காட்சியின் வீரியம் குறைகிறது என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. விபத்து மறந்துபோகாது; அது மீண்டும் இப்போதே நடப்பதுபோன்ற பதைப்புதான் அடங்கும்.

கேள்வி: சிறுவயதில் நேர்ந்த பாலியல் கொடுமையை யாரிடமும் சொன்னதில்லை. அங்கே எல்லாவற்றையும் விவரிக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. எந்த நினைவு என்பதைச் சுருக்கமாகக் குறிப்பிட்டாலே போதும். ஆனால் நீண்ட காலம் தொடர்ந்த கொடுமைக்கு ஆயத்தக் கட்டமே பல வாரங்கள் பிடிக்கலாம். கொந்தளிப்பு எழும்போது உங்களை நீங்களே அமைதிப்படுத்திக்கொள்ளப் பழகிய பிறகே நினைவைத் தொட வேண்டும். அவசரப்படுத்தும் சிகிச்சையாளரிடமிருந்து தயங்காமல் விலகிவிடுங்கள்.

கேள்வி: எத்தனை அமர்வுகள் ஆகும்?

பதில்: பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல் பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் என்கிறது, பல கொடுமைகளைக் கடந்தவர்களுக்குக் கூடுதலாகும். ஓர் அமர்வு 60 முதல் 90 நிமிடங்கள் நீளும்.

கேள்வி: எனக்குக் குறிப்பிட்ட சம்பவம் எதுவும் இல்லை, எதற்கெடுத்தாலும் பதற்றம். இது உதவுமா?

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2013-இல் இதைப் பரிந்துரைத்தது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்குத்தான், பொதுவான பதற்றக் கோளாறுக்கு அந்த அளவு வலுவான சான்று இல்லை. உங்களுக்கு முதலில், பதற்றத்தைத் தூண்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் (CBT) சொல்வேன். பதற்றத்தின் வேர் ஒரு பழைய அவமானத்திலோ மிரட்டலிலோ இருப்பது பேசும்போது தெரியவந்தால், அப்போது இதைப் பரிசீலிக்கலாம்.

கேள்வி: யூடியூபில் புள்ளி நகரும் வீடியோக்கள் இருக்கின்றன. வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

பதில்: கூடாது. புள்ளியைப் பார்ப்பது எளிது. கிளறிவிட்ட நினைவு பெருகும்போது பிடித்து நிறுத்த அருகில் ஆள் இருக்காது. வலிப்பு நோய், கண் நோய், கர்ப்பம் எதுவானாலும் முன்கூட்டியே சிகிச்சையாளரிடம் சொல்லிவிடுங்கள். இரவில் மனம் தத்தளித்தால் 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.