சோடியமும் குளோரினும் சேர்ந்து உப்பாவது எப்படி? அயனிப் பிணைப்பு என்றால் என்ன?

எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதுதான் அயனிப் பிணைப்பு. மின்சுமை பெற்ற அணுவை அயனி என்கிறோம்.

சரி, அணுவுக்கு மின்சுமை எங்கிருந்து வருகிறது? சோடியத்தின் 11 எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று அடுக்குகளில் இருக்கின்றன. குளோரினின் 17 எலக்ட்ரான்கள் 2, 8, 7 என்று. இந்த இரண்டுக்குமே வெளி அடுக்கில் 8 அமைந்தால்தான் நிலைத்தன்மை. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி கிளம்பும் இரண்டு பஸ்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரே ஒருவர் நிற்கிறார், மற்றதில் ஒரு சீட் காலி. அவர் மாறி ஏறினால் இரண்டும் சரியாகிவிடும். அப்படித்தான் எதிர் மின்சுமை கொண்ட ஓர் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்த சோடியம் நேர் அயனியாகிறது, அதைப் பெற்ற குளோரின் குளோரைடு என்ற எதிர் அயனியாகிறது. அப்புறம் இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன.

தூத்துக்குடி உப்பளங்களில் நடப்பது இன்னும் அழகு. கடல்நீரில் இந்த அயனிகள் ஏற்கெனவே தனித்தனியாகக் கரைந்து கிடக்கின்றன. பாத்தியில் வெயில் பட்டு நீர் வற்ற வற்ற, அவை நெருங்கி வரிசையாக அடுக்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் 6 குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் 6 சோடியம். வீட்டில் இருக்கும் கல் உப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடையாத கல்லில் சதுர முகங்கள் தெரியும். அந்த வடிவம் இந்த அடுக்கிலிருந்து வருவதுதான்.

எலக்ட்ரான் கைமாறுவதே பிணைப்பு என்று தேர்வில் பலர் எழுதிவிடுகிறார்கள். கைமாறுவதால் உருவாவது அயனிகள், அவற்றுக்கு இடையிலான ஈர்ப்புதான் பிணைப்பு.