மீன் குஞ்சுக்குச் சொட்டு மருந்து உண்டா?

கேள்வி: அண்ணாச்சி, வயலோரம் பண்ணைக்குட்டை வெட்டி 5,000 கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டேன். பத்து நாளில் பாதி செத்து மிதந்துவிட்டது. உடம்பில் பஞ்சு ஒட்டினாற்போல் இருந்தது. பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரி மீன் குஞ்சுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறதா?
- வாசகர், வீரவநல்லூர்

பதில்: மருந்தை அப்புறம் பார்ப்போம். குஞ்சை எந்த நேரத்தில் விட்டீர்கள்? கடிதத்தில் அது இல்லை. உச்சி வெயிலில் என்று நினைக்கிறேன். நானும் அப்படி விட்டவன்தான். முதல் வருஷம், ஆவணி மாதம், ஏமாற்றிவிடுவார்களோ என்று ஒவ்வொரு குஞ்சாகக் கையில் பிடித்து எண்ணினேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் பஞ்சு.

அந்தப் பஞ்சு ஒருவகை நீர்ப்பூஞ்சணம். எல்லாக் குளத்திலும் இருப்பதுதான்; புண் கிடைத்தால் ஏறிக்கொள்ளும். மீன் கையில் வழுக்குகிறதே, அந்த வழுவழுப்புதான் அதன் முதல் கோட்டைச் சுவர். அதில் லைசோசைம் என்ற பொருள் உண்டு. பாக்டீரியாவின் மேலுறையை உடைக்கும். நம் கண்ணீரிலும் இருக்கிறது. பென்சிலின் கண்ட ஃபிளெமிங்தான் 1922இல் இதையும் எழுதி வெளியிட்டார். நான் எண்ணி எண்ணி வழித்தெடுத்தது அந்தச் சுவரைத்தான்.

கெண்டை முட்டை நம் ஊர்ச் சூட்டில் முக்கால் நாளில் பொரித்துவிடும். தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு மாதிரி வயிற்றில் மஞ்சள்கரு இருக்கும். சுமார் மூன்று நாள் தாங்கும். அதோடு கொஞ்சம் லைசோசைமும் தாயின் எதிர்ப்புப் புரதமும் சேர்ந்தே வரும். கிருமியை விழுங்கும் அணுக்களும் பொரிக்கிற சமயத்திலேயே உடம்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். இதெல்லாம் பிறவிக் காவல். எந்தக் கிருமி என்று பார்க்காது, வந்தவனை அடிக்கும்.

தடுப்பு மருந்து வேலை செய்வது வேறு அணுக்களை நம்பி. கிருமியை அடையாளம் வைத்து அதற்கென்றே எதிர்ப்புப் புரதம் செய்பவை அவை. மீனுக்கு அவை தைமஸ் என்ற சுரப்பியிலும் தலைப்பக்கச் சிறுநீரகத்திலும் வளர்ந்து தேறச் சில வாரமாகும். அதற்கு முன் மருந்து கொடுத்தால் வீண். சில சமயம் கிருமியையே தன் ஆள் என்று உடம்பு எடுத்துக்கொள்ளவும் கூடும்.

அதனால் அடுத்த தடவை விரல் நீளக் குஞ்சாக வாங்குங்கள். அதிகாலையில் கொண்டுவந்து, பையைக் கட்டவிழ்க்காமல் அரை மணி நேரம் குட்டைத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். சூடு சமமானதும் குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, தானாக நீந்திப் போக விடுங்கள். கை படவே வேண்டாம். எண்ணிக்கையில் நூறு குறைந்தாலும் போகட்டும்.

கேள்வி: கடையில் ஆண்டிபயாடிக் பொடி கொடுத்தார்கள். குட்டையில் கலக்கலாமா?
- அதே வாசகர்

பதில்: வேண்டாம். அது பாக்டீரியாவுக்கு, பூஞ்சணம் அசையாது. பில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.