பழைய ஃபிளாஷ் கேம்களைத் தொகுத்து ஸ்டீமில் விற்கலாமா?

கேள்வி: 2008 முதல் 2013 வரை ஃபிளாஷில் (பிரவுசரில் கேம் ஓட்ட அன்று பயன்பட்ட மென்பொருள்) எட்டு கேம்கள் செய்தேன். முதல் ஆறுக்கு வெளிநாட்டு கேம் தளங்கள் ஸ்பான்சர் செய்தன. அதில் ஒன்றை 'எக்ஸ்க்ளூசிவ்' (தங்களுக்கு மட்டும்) என்று சொல்லி வாங்கினார்கள். எல்லாம் மெயிலில் பேசி, பேபாலில் பணம் வந்ததுதான். ஸ்பான்சர்களில் ஒரு நிறுவனம் இப்போது இல்லை. படங்கள் கல்லூரி நண்பர் வரைந்தவை. கேமுக்கு மூவாயிரம் ரூபாய் கொடுத்தேன், எழுத்தில் எதுவும் இல்லை. இசை நெட்டில் இலவசமாகக் கிடைத்தது. கடைசி இரண்டும் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராக வேலை பார்த்தபோது செய்தவை: ஒன்று கம்பெனி சொல்லிச் செய்தது, மற்றது இரவில் வீட்டில் என் லேப்டாப்பில் செய்தது. எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக, கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீமில் விற்கலாமா? - வாசகர், கோவை

பதில்: ஸ்பான்சர்களை நினைத்துத்தான் பயப்படுகிறீர்கள் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. எனக்கு உங்கள் நண்பரை நினைத்துத்தான் கவலை.

முதலில் ஸ்பான்சர் விஷயம். அந்தக் காலத்து வழக்கப்படி ஒரு தளம் பணம் கொடுத்தால், கேம் தொடங்கும்போது அவர்கள் லோகோ வரும், மெனுவில் அவர்கள் தளத்துக்கு ஒரு இணைப்பு இருக்கும். 'ப்ரைமரி லைசென்ஸ்' என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். கேம் உங்களுடையதாகவே இருக்கும். நம் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்ற வகையில் வருகிறது. அந்த உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமானால், எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. அமெரிக்கச் சட்டமும் உரிமை மாற்றத்துக்குக் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்றுதான் சொல்கிறது. பணம் வந்துவிட்டது என்பதாலேயே கேம் கை மாறிவிடாது.

'எக்ஸ்க்ளூசிவ்' கேம் வேறு கதை. அந்த மெயிலைத் தேடி எடுத்து, சொல் சொல்லாகப் படியுங்கள். தளத்தில் ஒரு ஒப்பந்தத்தைத் திறந்து, பெயரை டைப் செய்து 'ஏற்கிறேன்' என்று அழுத்தியிருந்தால் அதையே கையெழுத்து என்று வாதிட முடியும். முழு உரிமையும் அவர்களுக்கே என்று வாசகம் இருந்தால் விற்றுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இணையதளங்களில் வெளியிடும் எக்ஸ்க்ளூசிவ் உரிமை மட்டும் கொடுத்திருந்தால் பேச இடமிருக்கிறது. காலம் குறிப்பிடாத ஒப்பந்தத்துக்கு ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாததற்கு இந்தியா மட்டும் என்று நம் சட்டம் வைத்துக்கொள்கிறது. பிரிவு 30அ வழியாக இது லைசென்ஸுக்கும் பொருந்தும். ஆனால் ஒப்பந்தத்தில் 'உலகம் முழுவதும், என்றென்றும்' என்று இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. 'கலிஃபோர்னியா சட்டமே பொருந்தும்' என்று ஒரு வரி இருந்தாலும் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

கம்பெனி மூடிவிட்டதால் உரிமை காற்றில் கரைந்துவிடாது. அதன் சொத்துகளை யார் வாங்கினார்களோ, இதுவும் அவர்களிடம் போயிருக்கும். மூடிய நிறுவனத்திடம் போனது எக்ஸ்க்ளூசிவ் கேம் இல்லையென்றால் அவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் லோகோவையும் லோடிங்கில் ஓடும் அவர்களது அனிமேஷனையும் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். அந்த அனிமேஷன் அவர்கள் செய்து உங்களுக்கு அனுப்பியது, அது அவர்கள் படைப்பு. ஸ்கோர் பட்டியலுக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்த அவர்கள் நிரலையும் அப்படியே நீக்குங்கள். எப்படியும் அவற்றில் பெரும்பாலானவை இனி வேலை செய்யாது. மூல ஃபைல் தொலைந்து, எஸ்டபிள்யூஎஃப் (வெளியிட்ட ஃபிளாஷ் ஃபைல்) மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், உங்கள் சொந்தப் படைப்பைப் பிரித்தெடுக்க யார் அனுமதியும் வேண்டாம்.

இப்போது நண்பர். நிரல் உங்களுடையது, படம் அவருடையது. இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நிற்பவை என்பதால் 'கூட்டுப் படைப்பு' என்று சொல்வது கடினம். பணம் கொடுத்தேனே என்பீர்கள். பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியம், சொன்னவருக்கே சொந்தம் என்று பிரிவு 17(ஆ) சொல்வது உண்மைதான். ஆனால் ஓடும், குதிக்கும் கேம் உருவங்களின் ஃப்ரேம் வரிசையை 'ஓவியம்' என்று நீதிமன்றம் ஏற்குமா என்பதை உங்கள் செலவில் சோதித்துப் பார்க்க வேண்டாம். அவர் உங்களிடம் சம்பளத்துக்கு இருந்தவரும் அல்ல. அன்று ஃபிளாஷ் கேமுக்காகக் கொடுத்தார். இன்று ஸ்டீமில் காசுக்கு விற்க அனுமதித்தாரா என்று கேட்டால் உங்களிடம் காகிதம் இல்லை.

ஆகவே தொகுப்பை அறிவிப்பதற்கு முன்பே அவரிடம் பேசுங்கள். விற்க ஆரம்பித்து நாலு பேர் பாராட்டிய பிறகு பேசினால் விலையும் ஏறும், மனஸ்தாபமும் வரும். இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். அதில் ஒவ்வொரு கேமின் பெயர், எந்தெந்த உரிமை, உலகம் முழுவதும் என்ற எல்லை, பதிப்புரிமைக் காலம் முழுவதும் என்ற கால அளவு, கொடுக்கும் தொகை அல்லது பங்கு எல்லாம் இருக்கட்டும். கணினி, கன்சோல், மொபைல் என்று வடிவங்களைப் பெயர் சொல்லியே எழுதுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் போட்ட அன்று புழக்கத்தில் இல்லாத வடிவத்துக்கு உரிமை போக வேண்டுமானால் அதைக் குறிப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு வரியையும் பலர் விட்டுவிடுகிறார்கள்: வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்கிறது பிரிவு 19(4). 'இந்தப் பிரிவு பொருந்தாது' என்று எழுதிவிடுங்கள். உங்கள் தொகுப்பு எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? அப்புறம், கிரெடிட்ஸில் அவர் பெயர் வரட்டும். உரிமையை விற்ற பிறகும் 'இது நான் வரைந்தது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை பிரிவு 57இன்படி அவரிடமே இருக்கும்.

இசையில் 'இலவசம்' என்ற சொல்லை நம்பாதீர்கள். நியூகிரவுண்ட்ஸ் தளத்தில் இருந்த பல பாடல்கள் வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தவை. விலை வைத்த தொகுப்பில் அவற்றைப் போட முடியாது. இசையமைப்பாளரிடம் தனியாக அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமமாக இருந்தால் குறிப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஃபிளாஷ் இல்லாமலே கேமை ஓட்டும் ரஃபிள் எமுலேட்டரைச் சேர்ப்பதாக இருந்தால் அதன் உரிமம் தாராளமானது, விற்பனைக்கும் தடையில்லை. உரிம வாசகத்தைக் கூடவே வைத்தால் போதும்.

கம்பெனி சொல்லிச் செய்த கேம் கம்பெனியுடையது. பிரிவு 17(இ) தெளிவாக இருக்கிறது. எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடாதீர்கள். இரவில் வீட்டில் செய்தது, டெஸ்டர் வேலையோடு சம்பந்தம் இல்லாதது என்பதால் சட்டம் உங்கள் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் நியமனக் கடிதத்தில் 'பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே' என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய எச்ஆரிடம் ஒரு 'ஆட்சேபனை இல்லை' கடிதம் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு வருடப் பழைய சின்ன கேமுக்கு யாரும் பெரும்பாலும் முரண்டு பிடிக்க மாட்டார்கள்.

ஸ்டீமில் ஒரு தொகுப்பை ஏற்ற 100 டாலர் கட்டும்போது, எல்லா உரிமையும் உங்களிடம் இருக்கிறது என்று உறுதி கொடுத்துத்தான் ஏற்றுகிறீர்கள். எட்டில் ஒன்றுக்கு எதிராகப் புகார் வந்தாலும் தொகுப்பின் ஸ்டீம் பக்கமே முழுக்க நீக்கப்படலாம், மற்ற ஏழும் அதோடு சேர்ந்து போகும். அதனால் நண்பர், இசை விஷயங்களை முடித்துக்கொண்டு, முதலில் மற்றபடி சந்தேகமில்லாத ஐந்தோடு வெளியிடுங்கள். எக்ஸ்க்ளூசிவ் கேமையும் கம்பெனி காலத்து இரண்டையும் காகிதம் கைக்கு வந்த பிறகு அப்டேட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.